இரைச்சலைக் கடக்கும் சீழ்க்கை

முத்துச் சிப்பிகளின் வாழ்க்கையை ஆராய்வதற்காக இலங்கைக்கு வந்தவர் எட்மண்ட் ஹோல்ட்ஸ்வொர்த். மன்னாருக்குத் தெற்கே அரிப்புக் கடற்கரையில், வெயிலும் உப்புக்காற்றும் சுடுகிற வறண்ட நிலத்தில் தங்கியிருந்தார். கடலைப் பார்க்க வந்தவர் பறவைகளையும் விடாமல் குறித்துக்கொண்டே இருந்தார். இலங்கைப் பறவைகளின் பட்டியல் ஒன்றை 1872இல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் வெளியீட்டில் அச்சேற்றினார். அந்த ஆண்டு அவர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய பறவைகளில் ஒன்று, அவர் குடியிருந்த கரைக்கு எல்லா வகையிலும் எதிரான இடத்தைச் சேர்ந்தது. மேகம் தரையோடு ஊரும் மலைக்காடு, பகலிலும் விலகாத நிழல், ஆண்டு முழுவதும் நனைந்தே கிடக்கும் பாறை, அதன் நடுவே இரைந்து ஓடும் ஓடை. உலகில் வேறெங்கும் அந்தப் பறவை இல்லை.

அதற்கு அவர் சூட்டிய அறிவியல் பெயரில் சாமுவேல் பிளை என்பவரின் பெயர் இருக்கிறது. பிளை மலைநாட்டில் இருந்த காப்பித் தோட்டக்காரர். காட்டை வெட்டிக் காப்பி நட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். அதே காட்டின் பறவைகளை ஆசையோடு கவனித்து, மாதிரிகளைச் சேகரித்தவரும் அவர்தான். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்திருந்தன என்பதை யோசிக்காமல் என்னால் இந்தப் பறவையைப் பற்றி எழுத முடியவில்லை. அறிவியல் அதைத் தெரிந்துகொண்ட காலமும் அதன் வீடு வேகமாகச் சுருங்கத் தொடங்கிய காலமும் ஒன்றே.

தமிழில் இதை இலங்கைச் சீகாரப் பூங்குருவி என்று சொல்லலாம். சிங்களத்தில் அரங்கயா. மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் போய்வந்தவர்களுக்கு இதன் உறவினரைத் தெரிந்திருக்கும். வால்பாறையிலோ குன்னூரிலோ விடியற்காலையில் யாரோ ஒரு பையன் மெட்டுத் தெரியாமல் சோம்பலாகச் சீழ்க்கை அடித்துக்கொண்டு போவது போலக் கேட்குமே, அது சீகாரப் பூங்குருவியின் பாட்டு. மயோஃபோனஸ் என்ற இந்தப் பேரினத்தில் மொத்தம் 9 இனங்கள் உண்டு. இமயமலை, தைவான், மலாயா, சுமத்திரா, ஜாவா, போர்னியோ என ஆசியாவின் ஈர மலைகளில் அவை பரவியிருக்கின்றன. இமயமலையில் இருப்பது 30 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள திடகாத்திரமான பறவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையினம் சுமார் 25 செ.மீ.; இலங்கையினம் சுமார் 20 செ.மீ. பேரினத்திலேயே சிறியது இதுதான். முன்பு இவற்றைப் பூங்குருவிகளின் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு, பழைய உலக ஈப்பிடிப்பான்களின் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆணின் தலை ஏறக்குறையக் கறுப்பு. உடம்பு கருநீலம் தோய்ந்த இருண்ட நிறம். தோள்பட்டையில் மட்டும் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. பெண்ணின் உடம்பு பழுப்பு. அவளுக்கும் தோளில் மங்கலாக அந்த நீலம் உண்டு. அலகு கறுப்பு, கால் கறுப்பு. பகல் வெளிச்சத்தில் ஒரு கிளையில் வைத்துப் பார்த்தால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றக்கூடிய பறவை. ஆனால் இது பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கிடைப்பதே அபூர்வம். சூரியன் எழுவதற்கு முந்திய அரை வெளிச்சத்திலும், மாலை மங்கி இருட்டு கூடும் அந்தச் சில நிமிடங்களிலும்தான் ஓடைக்கரைக் கற்களுக்கு இறங்கிவரும். மற்ற நேரமெல்லாம் மலையிடுக்கின் அடர்த்திக்குள் போய்விடும்.

ஹோட்டன் சமவெளிக்குப் பட்டிப்பொலப் பக்கமிருந்து ஏறும் சாலையோரத்தில் ஒரு சிறு குளம் இருக்கிறது. பெயர் அரெங்கா குளம். பறவையை ஹோல்ட்ஸ்வொர்த் முதலில் வைத்திருந்த பேரினத்தின் பெயர் அரெங்கா. குளத்துக்கும் அதுவே நிலைத்துவிட்டது. உலகம் முழுவதிலிருந்தும் பறவை பார்க்க வருகிறவர்கள் நுவரெலியாவில் தங்கி, நள்ளிரவு தாண்டியதும் எழுந்து, குளிரில் விறைத்தபடி இந்தக் குளக்கரையில் வந்து நிற்பார்கள். முதலில் கேட்பது மெல்லிய, காதைத் துளைக்கும் ஒரு ‘ஸ்ரீ...ஈ’. எந்தத் திசை என்று பிடிபடாது. பிறகு நீரோரக் கல்லில் ஓர் இருட்டு அசையும். வாலை விரித்து மூடும். ஒரு தாவல், இன்னொரு தாவல், இலைக்குப்பையில் ஒரு கொத்து. தோளின் நீலம் ஒரு நொடி தெரிந்து மறையும். வெளிச்சம் ஏறிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். மாலைவரை காத்திருக்க வேண்டும்.

ஏன் இந்த நேரம்? ஒரு காரணம் இரை. பூச்சிகள், புழுக்கள், நத்தைகள், சிறு தவளைகள், பல்லிகள் ஆகியவை இதன் உணவு. நத்தையும் தவளையும் ஈரம் நிறைந்த விடிகாலையிலும் அந்தியிலும் வெளியே வருகிறவை. இமயமலை இனம் நத்தையைக் கவ்விக்கொண்டு போய், பழகிய ஒரே கல்லில் திரும்பத் திரும்ப அடித்து ஓட்டை உடைத்துத் தின்னும்; அந்தக் கல்லைச் சுற்றி உடைந்த ஓடுகள் குவிந்து கிடக்கும். குறைந்த வெளிச்சத்தில் இப்படிக் காரியம் பார்க்கக் கண் பெரிதாக இருக்க வேண்டும். விடியலில் எந்தப் பறவை முதலில் பாடத் தொடங்குகிறது என்பதற்கும் அதன் கண்ணின் அளவுக்கும் தொடர்பு உண்டென்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரிய கண்ணுள்ளவை முந்திக்கொள்கின்றன.

இன்னொரு காரணத்தை யோசிக்கும்போதுதான் எனக்கு இந்தப் பறவையின் மீதான வியப்பு கூடுகிறது. அது அந்த நேரத்தின் வெளிச்சம் பற்றியது. காட்டுக்குள் இருக்கும் வெளிச்சம் ஒரே நிறமல்ல. ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் 1993இல் காடுகளில் ஒளியை அளந்து இதைத் தெளிவாக்கினார். அடர்ந்த நிழலில் விழும் ஒளி இலைகளின் வழியே வடிந்து பச்சையாக இருக்கும். சிறு இடைவெளியில் விழும் வெயில் மஞ்சளும் சிவப்பும் கலந்தது. சூரியன் அடிவானத்தை ஒட்டியிருக்கும் காலையிலும் மாலையிலும் ஒளி ஊதாப் பக்கம் சாய்கிறது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனபின் நீலமே மேலோங்குகிறது. வானத்தின் பகல் நீலத்துக்குக் காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது காரணம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தி நீலத்துக்கு அது மட்டும் போதாது. அப்போது சூரிய ஒளி வளிமண்டலத்தில் மிக நீண்ட சாய்வான பாதையில் வருகிறது; வழியில் உள்ள ஓசோன் படலம் ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களை உறிஞ்சிக்கொள்கிறது; எஞ்சியது நீலம். இதை எட்வர்ட் ஹல்பர்ட் என்ற இயற்பியலாளர் 1953இல் கணக்கிட்டுக் காட்டினார்.

ஆக, பூங்குருவி கல்லில் இறங்கும் அந்தச் சில நிமிடங்களில் உலகம் முழுவதும் நீலம் கூடிய வெளிச்சத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு சிவப்புத் திட்டு கறுப்பாகிவிடும். நீலத் திட்டுதான் ஒளிரும்.

அந்த நீலத்தில் நீலச் சாயம் ஒரு துளியும் இல்லை என்பது இன்னொரு செய்தி. பறவைகளின் உடலில் நீல நிறமி உருவாவதில்லை. மயில் கழுத்தின் நீலமும் மீன்கொத்தியின் நீலமும் இறகின் கட்டமைப்பால் உண்டாகின்றன. இறகு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் மில்லிமீட்டரின் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவில், குறிப்பிட்ட இடைவெளிகளில் நுண்ணிய அமைப்புகள் இருக்கும். அந்த இடைவெளி நீல ஒளியின் அலைநீளத்துக்குப் பொருந்தும்போது, திரும்பி வரும் நீல அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. மற்ற நிறங்களை அடியிலுள்ள கறுப்பு நிறமி விழுங்கிவிடுகிறது. இறகைப் பொடியாக அரைத்தால் நீலம் போய்விடும்.

நம் கண்ணுக்குத் தெரிவது இதில் பாதிதான். சுவீடனைச் சேர்ந்த ஸ்டாஃபன் ஆண்டர்சன் 1996இல் மயோஃபோனஸ் இனங்களின் இறகுகளை அளந்து பார்த்தபோது, அவை புறஊதா ஒளியைப் பலமாகத் திருப்பியனுப்புவதைக் கண்டார். மனிதக் கண் புறஊதாவைப் பார்ப்பதில்லை. பறவைகளில் மிகப் பலவற்றின் கண்கள் பார்க்கும். நாம் மங்கலாகக் காணும் அந்தத் தோள்திட்டு இன்னொரு பூங்குருவிக்கு எவ்வளவு பளிச்சென்று தெரியும் என்பதை நம்மால் கற்பனைதான் செய்ய முடியும். அடர்நிழலிலும் அந்தியிலும் தன் துணைக்கும் போட்டிக்காரனுக்கும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான நிறம் இருக்க முடியாது.

குரலுக்கும் இதே போன்ற ஒரு கதை உண்டு. மலை ஓடையின் பக்கத்தில் நின்று பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கத்தினாலும் எதிரில் நிற்பவருக்குக் கேட்காது. நீர் பாறையில் விழும் இரைச்சலில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கின்றன. ஆனால் அதன் பலம் முழுக்கக் கீழ் அதிர்வெண்களில்தான். மேலே போகப் போக இரைச்சல் மெலிகிறது. ஓடையோரத்தில் குடியிருக்கும் உயிர், தன் குரல் எடுபட வேண்டுமென்றால் அந்த மெலிந்த மேல்பகுதிக்குப் போய்விட வேண்டும். பல சுரங்கள் விரவிய பாட்டாக இல்லாமல், ஒரே உயர்ந்த சுரத்தில் சக்தியைக் குவிக்கவும் வேண்டும். ஜெர்மனியைச் சேர்ந்த யோகன் மார்ட்டன்ஸ் இமயமலை ஓடைகளில் வாழும் பறவைகளின் குரல்களைப் பதிவுசெய்து 1990இல் இதைக் காட்டினார். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த பறவைகள் ஓடைக்கரைக்கு வந்ததும் ஒரே வகையான உச்சஸ்தாயிச் சீழ்க்கைக்கு வந்து சேர்ந்திருந்தன. சீனத்தின் ஆன்ஹுய் மாகாணத்தில் ஓடைத் தவளை ஒன்று இதை எல்லைக்கே கொண்டுபோய்விட்டது. அதன் கூப்பிடு குரல் மனிதக் காதுக்கு எட்டாத மீயொலிவரை நீள்கிறது என்று 2006இல் கண்டறிந்தார்கள்.

அரெங்கா குளத்தில் கேட்கும் அந்தத் துளைக்கும் ‘ஸ்ரீ...ஈ’ நீரின் இரைச்சலுக்கு மேலே ஏறி நிற்கும் குரல். மேற்குத் தொடர்ச்சி மலை உறவினரின் நிதானமான பாட்டைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். இலங்கையினத்துக்கும் பாட்டு உண்டு, ஆனால் அதைக் கேட்டவர்கள் குறைவு. பாடுவதற்கான கருவியில் எந்தக் குறையும் இல்லை. உலகப் பறவையினங்களில் ஏறக்குறையப் பாதி, பாடும் பறவைகள் என்ற பெரும் பிரிவைச் சேர்ந்தவை; இதுவும் அதில் ஒன்று. நமக்குக் குரல்வளை தொண்டையின் மேல்முனையில் இருக்கிறது. பறவைக்கு ஒலி பிறப்பது கீழே, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில். பாடும் பறவைகளில் அந்த இரண்டு கிளைகளையும் தனித்தனித் தசைகள் ஆள்கின்றன. ஒரு பக்கம் ஒரு சுரம், மறுபக்கம் வேறொரு சுரம் என்று ஒரே மூச்சில் பிடிக்க முடியும்.

இந்தப் பறவை இலங்கையில் மட்டும் எப்படி? பாக்கு நீரிணை ஆழமற்றது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது ராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே போகலாம். அதற்கு முன்பும் பனியுகம் வரும்போதெல்லாம் இந்தப் பாதை திறந்திருக்கிறது. இவ்வளவு முறை ஒட்டிக்கொண்ட நிலங்களில் உயிரினங்கள் கலந்துபோயிருக்க வேண்டும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். ஃபிராங்கி போசுயிட்டும் மாதவ மீகஸ்கும்புர உள்ளிட்ட இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து 2004இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொன்னது. தவளை, நன்னீர் நண்டு, பாம்பு போன்றவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, இலங்கையின் பல மரபுவழிகள் இந்தியப் பெருநிலத்தவற்றிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்து, தனியாகவே வளர்ந்திருப்பது தெரிந்தது.

காரணத்தை மண்ணில் பார்க்கலாம். ஈர மலையில் வாழும் உயிருக்குக் கடல் மட்டும் தடையல்ல. ராமநாதபுரத்தின் பொட்டலும் வன்னியின் வறண்ட காடும் அதற்குக் கடலுக்கு ஈடான தடைகள். நீர் வற்றி நிலம் தெரிந்தாலும் குளிர்ந்த நிழலும் ஓடையும் அந்த வழியில் இல்லை. அதனால் மலையுச்சிகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவாகின்றன. தமிழ்நாட்டுக்குள்ளேயே இது நடந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒரு சோலைச்சிட்டும், தெற்கே பழனி, ஆனைமலைப் பக்கம் அதன் வேறொரு இனமும் இருப்பதை வி.வி. ராபினும் அவர் குழுவினரும் மரபணு வழியே ஆராய்ந்து, 2017இல் அவற்றுக்கென்றே ஒரு புதிய பேரினத்தை வைத்தார்கள். இலங்கையின் மத்திய மலைத்திரளுக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் நடுவே மகாவலியின் பள்ளத்தாக்கு ஓடுகிறது. தீவுக்கே உரிய முப்பதுக்கும் மேற்பட்ட பறவையினங்களில் மலைப்பறவைகளுக்கு இந்த உயரங்களே மொத்த உலகம்.

பூங்குருவி வாழ்வது சுமார் 900 மீட்டருக்கு மேல். உயரம் கூடக் கூடக் காடு உருமாறுகிறது. 2,000 மீட்டருக்கு மேலே ஹோட்டன் சமவெளியில் மரங்கள் குட்டையாகிவிடும், கிளைகள் முறுக்கிக்கொள்ளும், உச்சிகள் குடை விரித்தாற்போல் தட்டையாகும். அடிமரம் முதல் நுனிவரை பாசியும் ஆர்க்கிடும் தொங்கும். மழை பெய்யாத நாளிலும் அடியில் சொட்டுச் சத்தம் ஓயாது. காற்றோடு வரும் மேகம் இலையிலும் பாசியிலும் பட்டு நீராகி இறங்குவதால் வரும் சத்தம் அது. மழைமானியில் விழாத இந்த நீர் ஓடைகளின் கோடைக்கால ஊற்று. மகாவலி, களனி, வளவை ஆகிய பெரிய ஆறுகளின் தலைநீர் இந்த மேட்டிலிருந்துதான் இறங்குகிறது. அடியில் குறிஞ்சியின் இனத்துச் செடிகளும் குட்டை மூங்கிலும் நெருங்கிக் கிடக்கும். அந்தப் புதருக்கும் நீருக்கும் நடுவிலுள்ள ஓரடி, ஈரடி ஈரநிலம்தான் பூங்குருவிக்குச் சமையலறை. கூடு கட்டுவதும் இதன் ஓரத்தில்தான். சாரல் தெறிக்கும் பாறை விளிம்பிலோ ஓடையோர மரக்கவட்டிலோ பாசியையும் மெல்லிய வேர்களையும் பின்னிக் கிண்ணம்போல் கட்டும். சுற்றியுள்ள பாறையிலும் அதே பாசி இருப்பதால் கூடு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். ஒன்று அல்லது இரண்டு முட்டை. அவ்வளவு குறைவாக முட்டையிடுகிற பறவை, ஒரு தலைமுறையில் இழந்ததை அடுத்த ஆண்டே ஈடுகட்டிவிட முடியாது.

இனி பிளையின் காப்பிக்கு வருவோம். 1830களில் சூடுபிடித்த காப்பிப் பயிர், 1870களின் இறுதியில் இரண்டரை லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. அந்தத் தோட்டங்களில் நட்டதும் களைபிடுங்கியதும் பழம் பறித்ததும் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழை உழவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1869இல் காப்பி இலைகளில் துருநோய் என்ற பூஞ்சை தென்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காப்பி இல்லையென்றதும் காடு திரும்பவில்லை. தேயிலை இன்னும் உயரத்திலும் வளரக்கூடியது. வெட்டு மேலே ஏறியது.

இதற்கிடையில் ஒரு நல்லது நடந்தது. கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டக் கூடாது என்று 1873இல் பரிந்துரைத்தார். ஆறுகளின் தலைநீர் வற்றிவிடும் என்பது அவர் கவலை. காலனி அரசு அதை ஏற்றது. இன்றைக்கு ஹோட்டன் சமவெளியில் மேகக்காடு மிஞ்சியிருப்பதற்கு அந்தக் கோடு பெரும் காரணம். 1969இல் அது சரணாலயம் ஆனது, 1988இல் தேசியப் பூங்கா. 2010இல் சிவனொளிபாதமலைக் காடுகளோடும் நக்கிள்ஸோடும் சேர்த்து யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக்கியது.

ஆனால் 5,000 அடி என்பது ஏறத்தாழ 1,500 மீட்டர். பூங்குருவியின் உலகம் 900 மீட்டரில் தொடங்குகிறது. நடுவிலுள்ள 600 மீட்டர் உயரப் பட்டை, மலையின் அகன்ற இடுப்புப் பகுதி, அந்தக் கோட்டுக்கு வெளியே விடப்பட்டது. மலை மேலே போகப் போகக் குறுகும் என்பதால் காப்பாற்றப்பட்ட பகுதியைவிட விடப்பட்ட பகுதி பெரிது. இன்று அது பெரும்பாலும் தேயிலை. இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்தால், பூங்காவின் வேலிக்குள் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது ஏன் போதாது என்று விளங்கும்.

வேலிக்குள்ளும் எல்லாம் சரியாக இல்லை. 1970கள் முதல் ஹோட்டன் சமவெளியில் மரங்கள் நின்றபடியே காய்ந்து போகின்றன. கோடரி படவில்லை, தீயும் வைக்கவில்லை. உச்சிக்கிளை முதலில் வெளுத்து, பிறகு மரம் முழுக்க எலும்பாக நிற்கிறது. சில இடங்களில் கூட்டம் கூட்டமாக. மண்ணின் தன்மை, நீர்ப்பற்றாக்குறை, மேகத்தோடு வரும் மாசு எனப் பல கோணங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள்; ஒற்றைக் குற்றவாளி அகப்படவில்லை. மரம் போனால் பாசி காயும், பாசி காய்ந்தால் மேகத்திலிருந்து இறங்கும் நீர் குறையும்.

புவி வெப்பமாதல் இதே திசையில்தான் தள்ளுகிறது. மலையில் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. அப்படியானால் 1 டிகிரி வெப்பம் கூடினால், பழைய குளிர் வேண்டுகிற உயிர் சுமார் 150 மீட்டர் மேலே போக வேண்டும். இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பேதுருதாலகால 2,524 மீட்டர். அதற்கு மேலே இடமில்லை. பெரு நாட்டில் பாண்டியாகொல்லா என்ற மலையை 1985இலும் மீண்டும் 2017இலும் பறவைகளுக்காகக் கணக்கெடுத்தார்கள். முன்பு உச்சியில் சாதாரணமாகக் கண்ட சில இனங்கள் இரண்டாம் முறை அந்த மலையிலேயே இல்லை.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இலங்கைச் சீகாரப் பூங்குருவி ‘அருகிவரும் இனம்’ என்ற வகையில் இருக்கிறது. அதைக் காப்பது பற்றிப் பேசும்போது நான் வற்புறுத்த விரும்புவது ஒன்று உண்டு. ஓடையோரப் பறவையின் ஆட்சிப்பகுதியை ஹெக்டேரில் அளந்து பயனில்லை. காட்டுப்பறவைக்கு அது பரப்பு. இதற்கு அது ஒரு கோடு. ஓடையின் போக்கில் இத்தனை நூறு மீட்டர் என்றுதான் சொல்ல வேண்டும். பரப்பு ஒரு மூலையில் குறைந்தால் மீதியில் பிழைக்கலாம். கோட்டை நடுவில் ஓரிடத்தில் வெட்டினால் அது இரண்டாகிவிடும். ஓடைக்கரையில் ஐம்பது மீட்டர் மரத்தை வெட்டிக் கீரைப்பாத்தி போட்டால், வெயில் நீரில் நேராக விழும், நீர் சூடாகும், கரையின் இலைக்குப்பை காயும், அதிலிருந்த புழுவும் நத்தையும் போகும், அந்தியின் இருட்டை நம்பி வாழும் பறவை அந்த வெட்டவெளியைத் தாண்டத் தயங்கும். மேலே உள்ள பகுதியும் கீழே உள்ள பகுதியும் தனித்தனி.

இதே கணக்கை மறுபக்கமிருந்து பார்த்தால் நம்பிக்கை வருகிறது. கோட்டைக் காப்பாற்ற, மலை முழுவதும் தேவையில்லை. தேயிலை மலைகளின் மடிப்புகளில் இன்னும் நூற்றுக்கணக்கான ஓடைகள் ஓடுகின்றன. சரிவு செங்குத்தாக இருப்பதால் தேயிலை நடாமல் விட்ட இடுக்குகளில் மரங்கள் மிஞ்சியிருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் மக்கள் நீர் பிடிக்கும் பீலிக்கரைக்குத் தண்ணீர் வருவதும் அந்த இடுக்குகளிலிருந்துதான். மேலே மரம் போனால் பீலி வற்றும் என்பது அங்கே கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பறவைக்கு வேண்டியதும் மனிதருக்கு வேண்டியதும் இங்கே ஒரே மரவரிசையில் வந்து நிற்கின்றன. இருநூறு ஆண்டுகளாக அந்த மலையில் உழைத்தும் சொந்தமாக ஒரு துண்டு நிலத்துக்கு இன்னமும் போராடும் மக்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஓடைக்கரையைப் பற்றி எந்தத் திட்டம் போட்டாலும் அது நிற்காது என்பது என் உறுதியான எண்ணம்.

வால்பாறையில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளில், தோட்ட நிர்வாகங்களின் ஒத்துழைப்போடு, இருபதாண்டுகளுக்கும் மேலாக உள்ளூர் மரங்களை நட்டு வளர்க்கிறார்கள். சாலையோரத்தில் விழுந்து கிடக்கும் விதைகளைப் பொறுக்கி நாற்றங்கால் போடுவதிலிருந்து வேலை தொடங்குகிறது. முதலில் உண்ணிச்செடி போன்ற அந்நியக் களைகளை அகற்றுகிறார்கள்; பிறகு அந்த இடத்துக்கே உரிய பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள்; அதன்பின் சில ஆண்டுகள் களை மூடிவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஓடைக்கரையில் அதே வேலையைச் செய்யும்போது வரிசை முக்கியம். நிழல் முதலில் வர வேண்டும். நிழல் வந்தால் கரை குளிரும், பிறகு இலை உதிர்ந்து சேரும், இலைக்குள் புழுவும் நத்தையும் குடியேறும். பாசி கடைசியில்தான் வரும். உயரமான, குளிர்ந்த இடங்களில் அது மிக மெதுவாகப் படரும். தேயிலைக்குப் போடும் உரமும் மருந்தும் மழையில் கழுவிக்கொண்டு நேராக ஓடைக்குள் இறங்காமல் தடுக்கக் கரையின் இருபக்கமும் எவ்வளவு அகலம் மரம் விடுவது, தோட்டச் சாலை ஓடையைக் கடக்கும் இடத்தில் குழாய் பதிப்பதா அல்லது அடியில் நீரும் நிழலும் தடைபடாதபடி பாலம் கட்டுவதா, பீலிக்குக் குழாய் இழுக்கும்போது கோடையில் ஓடையில் எவ்வளவு நீர் விட்டுவைப்பது என்பவையெல்லாம் ஒவ்வொரு தோட்டமும் ஆண்டுதோறும் எப்படியும் எடுக்கிற முடிவுகள். அந்த முடிவுகள் எடுக்கப்படும் மேசையில் தோட்டத்துரையோடு லயத்து மக்களும் ஓடையைத் தெரிந்த ஓர் உயிரியலாளரும் உட்கார்ந்திருக்க வேண்டும். 900 மீட்டருக்கும் 1,500 மீட்டருக்கும் நடுவே ஹூக்கரின் கோடு எட்டாமல் விட்ட ஓடைகளிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.